அண்டை வீட்டை எச்சரிக்கும் இன்டர்பெரான்

(காதர்பேட்டையில் நடந்த ஆதரவாளர் கூடுகையில் எங்கள் மருத்துவர் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



கடையை அடைத்துவிட்டுச் சிலரும், ஒன்றரை ஷிப்ட் முடித்த களைப்போடு சிலரும் இங்கே வந்திருக்கிறீர்கள். உங்கள் ஜெபத்துக்கும் காணிக்கைக்கும் முதலாவது நன்றி சொல்லுகிறோம்.

நெடுநாளாக எங்களைத் தாங்கிவரும் பெரியவர்கள் சிலர் எங்களிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். "முன்பெல்லாம் கல்லீரல் வியாதியஸ்தருக்கு இன்டர்பெரான் ஊசி வாங்க வேண்டும், விலை அதிகம், உதவுங்கள் என்று எழுதுவீர்கள். இப்போது அந்தப் பேச்சே இல்லையே! ஊசி என்னவாயிற்று? ஊசி தேவையில்லை என்றால் எங்கள் பணம் எதற்குத் தேவை?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. கொடுக்கிறவர்கள் கேட்கத்தான் வேண்டும். இதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால், இன்டர்பெரான் என்பது என்ன, அது நம் சரீரத்தில் எப்படி வேலை செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

எரிகிற கடையும் அடுத்த கடையும்

2023 ஜூன் மாதம் இந்தக் காதர்பேட்டை பனியன் பஜாரில் தீப்பிடித்துக் கடைகள் வரிசையாக எரிந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இப்படிப்பட்ட தீயில் முதலில் பற்றிக்கொண்ட கடையைக் காப்பாற்றுவது கடினம். ஆனால் அங்கிருந்து எழும்புகிற கூக்குரல் அடுத்த கடைக்காரர் காதில் சீக்கிரம் விழுந்துவிட்டால், அவர் பண்டல்களை வெளியே இழுத்துப் போடலாம், மின்சாரத்தை நிறுத்தலாம், தண்ணீர் ஊற்றி வைக்கலாம். கூக்குரல் தீயை அணைப்பதில்லை. அடுத்தவரை ஆயத்தப்படுத்துகிறது. அவ்வளவுதான்.

இன்டர்பெரான் செய்வதும் இதுவே. வைரஸ் புகுந்த ஒரு செல், தான் அழிவதற்கு முன்னே சிறிய புரதம் ஒன்றைச் செய்து வெளியே விடுகிறது. அந்தப் புரதம் வைரஸைத் தொடுவதே இல்லை. அக்கம்பக்கத்துச் செல்களின் வாசலில் போய்த் தட்டி, "எதிரி வந்துவிட்டான், ஆயத்தமாகு" என்று சொல்லுகிறது. ஆகையால் இதை வைரஸைக் கொல்லும் மருந்து என்று சொல்லுவது சரியல்ல. இது எச்சரிப்புச் செய்தி.

1957-ஆம் வருஷம் லண்டனில் மில் ஹில் என்னும் இடத்தில் இருந்த தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் அலிக் ஐசக்ஸ் என்பவரும், சுவிட்சர்லாந்திலிருந்து வந்திருந்த ஜீன் லின்டன்மன் என்பவரும் இதைக் கண்டார்கள். கோழிக் கருவைச் சுற்றியுள்ள சவ்வின் துண்டுகளை, சூட்டினால் செயலிழக்கச் செய்த இன்புளூயன்சா வைரஸோடு சேர்த்து வைத்தார்கள். பிறகு அந்தத் திரவத்தை மட்டும் எடுத்துப் புதிய சவ்வுகளின் மேல் விட்டார்கள். அந்தப் புதிய சவ்வுகளில் உயிருள்ள வைரஸ் பெருக முடியவில்லை. வைரஸின் வேலையில் குறுக்கிடுகிற பொருள் என்பதால் அதற்கு இன்டர்பெரான் என்று பெயரிட்டார்கள். இதற்கு மூன்று வருஷம் முன்னதாகவே, 1954-ல், ஜப்பானில் நாகானோ, கோஜிமா என்ற இருவரும் இதுபோன்ற ஒன்றைக் கண்டு எழுதியிருந்தார்கள்.

வாசலில் நடப்பது

எச்சரிப்பு வந்தாலும் அதைக் கேட்க ஒரு காது வேண்டும். செல்லின் வெளிச்சுவரில் அந்தக் காது இருக்கிறது. அதை ஏற்பி என்கிறோம். இன்டர்பெரானின் ஏற்பி இரண்டு துண்டுகளாகச் சுவரில் நிற்கிறது. இரண்டுக்கும் தலை வெளியே, கால் உள்ளே. இன்டர்பெரான் வந்து உட்காரும்போது இரண்டும் நெருங்கிச் சேருகின்றன.

இதைப் பனியன் கம்பெனியோடு ஒப்பிட்டுச் சொல்லுகிறோம். கேட்டில் இரண்டு வாட்ச்மேன்கள் நிற்கிறார்கள். செய்தி கொண்டுவந்தவர் உள்ளே போகக் கூடாது. அவர் கேட்டிலேயே சொல்லிவிட்டு நின்றுவிடுகிறார். வாட்ச்மேன்கள் ஒவ்வொருவர் அருகிலும் உள்பக்கமாக சீல் போடுகிறவர் ஒருவர் இருக்கிறார். இந்தச் சீல்காரர்களுக்கு ஜாக் என்று பெயர். இருவரும் அருகருகே வந்ததும் விழித்துக்கொண்டு சீல் குத்தத் தொடங்குகிறார்கள். அங்கே சும்மா நின்றுகொண்டிருக்கும் கைமடி ஆட்களின் பெயர் ஸ்டாட். அவர்கள் மேல் சீல் விழுந்ததும் இருவர் கைகோர்த்துக்கொள்ளுகிறார்கள், மூன்றாவது ஒருவரும் சேருகிறார். மூவருமாக ஆபீசுக்குள், அதாவது செல்லின் உட்கருவுக்குள் ஓடுகிறார்கள். அங்கே பேட்டர்ன்கள் எல்லாம் அடுக்கி வைத்த பீரோ இருக்கிறது. அதுதான் டி.என்.ஏ. இன்ன இன்ன பேட்டர்னை எடுங்கள், உடனே தையுங்கள் என்று உத்தரவாகிறது. வாசலில் தட்டியது முதல் இந்த உத்தரவு வரை சில நிமிஷங்களே ஆகின்றன. நூற்றுக்கணக்கான ஜீன்கள் விழித்துக்கொள்ளுகின்றன.

இந்த வழியை 1990-களின் தொடக்கத்தில் கண்டு சொன்னவர்கள் நியூயார்க் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் டார்னெல் குழுவினரும், லண்டனில் இயான் கெர், ஜார்ஜ் ஸ்டார்க் குழுவினரும் ஆவர். இன்டர்பெரானைக் கண்ட பிறகு இந்த வழி துலங்குவதற்கு ஏறக்குறைய முப்பத்தைந்து வருஷம் ஆயிற்று.

உத்தரவு கிடைத்த செல் என்ன செய்கிறது? வைரஸின் ஆர்.என்.ஏ.வைத் துண்டு துண்டாக வெட்டும் கத்தரியை ஆயத்தமாக்குகிறது. வைரஸ் உள்ளே வந்தால் புரதம் செய்யும் மெஷின்களையே நிறுத்திவிடும் இன்னொரு புரதத்தையும் செய்து வைக்கிறது. மெஷின் ஓடாவிட்டால் வைரஸுக்கும் சரக்கு இல்லை. மேலும், உள்ளே என்ன நடக்கிறதென்று வெளியே மாதிரி காட்டும் தட்டுகளைச் சுவரில் அதிகமாக வைக்கிறது. ரோந்து வரும் வெள்ளணுக்கள் அந்த மாதிரிகளைச் சோதித்து, கெட்டுப்போன செல்லை அடையாளங்கண்டு அழிக்கின்றன.

ஜலதோஷக் காய்ச்சலில் உடம்பெல்லாம் வலிக்கிறதே, எழுந்திருக்கவே மனமில்லாமல் போகிறதே, அதில் பெரும்பங்கு இன்டர்பெரானும் அதன் கூட்டாளிகளும் செய்வது. சரீரம் போராடுகிறது என்பதற்கு அது அடையாளம். இதை நினைவில் வையுங்கள். ஊசியைப் பற்றிச் சொல்லும்போது மறுபடியும் வரும்.

வைரஸின் தந்திரங்கள்

இவ்வளவு காவல் இருந்தும் நாம் ஏன் வியாதிப்படுகிறோம்? வைரஸ்களும் இந்த ஏற்பாட்டை அறிந்திருக்கின்றன.

திருப்பூரில் மழைக்காலம் வந்தால் டெங்கு பயம் வருகிறது. டெங்கு வைரஸ், நாம் சொன்ன கைமடி ஆட்களில் ஒருவரான ஸ்டாட் 2 என்பவரைப் பிடித்து அழித்துவிடுகிறது. வாசலில் தட்டும் சத்தம் கேட்கிறது, சீலும் இருக்கிறது, ஆபீசுக்கு ஓட ஆள் இல்லை.

ஹெப்படைட்டிஸ் சி வைரஸ் வேறு விதம். எதிரி வந்துவிட்டான் என்று செல்லுக்குள் அறிவிக்கும் கம்பியையே தன் கத்தரியால் வெட்டிவிடுகிறது. கூக்குரல் எழும்புவதற்கே வழியில்லாமல் போகிறது. ஹெப்படைட்டிஸ் பி வைரஸோ கம்பி எதையும் வெட்டுவதில்லை. சத்தமில்லாமல் நுழைந்து, எச்சரிப்பைத் தூண்டாமலே தங்கிவிடுகிறது. பிரசவ நேரத்தில் தாயிடமிருந்து இதைப் பெற்றுக்கொள்ளும் குழந்தைகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேருக்கு அது நீங்காமல் நின்றுவிடுகிறது. இந்த இரண்டு வைரஸ்களும் இருபது, முப்பது வருஷம் வலியில்லாமல் கல்லீரலை அரித்து, சுருக்க நோயிலோ புற்றுநோயிலோ கொண்டுபோய் விடக்கூடும். கண் மஞ்சளாகி வயிறு வீங்கி எங்களிடம் வருகிறவர்களில் பலர், தங்களுக்கு வியாதி அன்றுதான் தொடங்கியது என்று நினைக்கிறார்கள். அது தொடங்கிய காலத்தில் அவர்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளாக இருந்திருப்பார்கள்.

கோவிட் காலத்திலும் இந்தப் பாடத்தைக் கண்டோம். 2020-ல் வெளியான ஓர் ஆய்வில், கடும் கோவிட் நிமோனியா கண்ட 987 பேரில் 101 பேருடைய ரத்தத்தில், தங்கள் சொந்த இன்டர்பெரானையே மடக்கும் எதிர்ப்புப் புரதங்கள் இருந்தன. தூதனை வழியிலேயே மறித்தாயிற்று. இன்டர்பெரானை மருந்தாகக் கொடுத்தால் சுகமாகுமே என்று பலர் எண்ணினார்கள். உலக சுகாதார நிறுவனம் நடத்திய பெரிய பரிசோதனையில், ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்ட வியாதியஸ்தருக்குக் கொடுத்த இன்டர்பெரான் பீட்டா மரணத்தைக் குறைக்கவில்லை. வீடு எரிந்து முடிகிற நேரத்தில் வருகிற எச்சரிப்பினால் என்ன பிரயோஜனம்? காலத்தில் வரவேண்டும்.

புற்றுநோயில் இதன் பங்கு

1980 மார்ச் மாதம் அமெரிக்காவின் டைம் பத்திரிகை தன் அட்டையில் இன்டர்பெரானைப் போட்டது. புற்றுநோய்க்கு மருந்து வந்துவிட்டது என்ற நம்பிக்கை எங்கும் பரவியது. அதுவரை பின்லாந்தில் காரி கான்டெல் என்பவர் தானமாய் வந்த ரத்தத்தின் வெள்ளணுக்களிலிருந்து இதைச் சிறிது சிறிதாகப் பிரித்தெடுத்துக் கொண்டிருந்தார். பை பையாக ரத்தம் வந்தாலும் கிடைத்தது மிக அற்பம். 1980-ல் சூரிச்சில் சார்லஸ் வைஸ்மன் குழுவினர் மனித இன்டர்பெரான் ஜீனை பாக்டீரியாவுக்குள் வைத்து, அதைக்கொண்டே இன்டர்பெரான் செய்வித்தார்கள். அதன் பின்தான் மருந்தாக அளவோடு கிடைக்கத் தொடங்கியது.

எதிர்பார்த்தபடி எல்லாப் புற்றுநோயும் தீரவில்லை. ஆனாலும் வெறும் ஏமாற்றமும் அல்ல. ரோம செல் ரத்தப் புற்றுநோய் என்னும் அபூர்வ வியாதிக்கு 1986-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நாட்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய்க்கு, 2001-ல் இமாட்டினிப் மாத்திரை வருகிற வரைக்கும், இன்டர்பெரான் ஒரு முக்கியமான ஆதாரமாக இருந்தது. இங்கும் வேலை அதே வாசல் வழியாகத்தான். ஏற்பியில் அது தட்டும்போது, கட்டுமீறிப் பெருகும் செல்லின் வேகம் குறைகிறது. சுவரில் மாதிரித் தட்டுகள் அதிகமாகி, ரோந்து வரும் வெள்ளணுக்களுக்கு அந்தச் செல் அகப்படுகிறது.

புற்றுநோய்க்கும் தந்திரம் உண்டு. 2016-ல் தோல் கருமைப் புற்றுநோய் வியாதியஸ்தர் சிலரில் ஒன்று கண்டார்கள். முதலில் நோய் எதிர்ப்பு மருந்துக்கு அடங்கியிருந்த கட்டி மறுபடியும் வளர்ந்தது. பார்த்தால், சீல் போடும் ஜாக் புரதத்தின் ஜீனே அந்தக் கட்டியில் கெட்டுப்போயிருந்தது. செய்தி வாசலில் வந்து நிற்கிறது, உள்ளே கேட்பாரில்லை. இதனால்தான் விஞ்ஞானிகள் இந்தச் சிறு வாசலை இவ்வளவு கவனமாய் ஆராய்கிறார்கள்.

ஊசியின் காலம்

இனி ஆதரவாளர்களின் கேள்விக்கு வருகிறோம். ஹெப்படைட்டிஸ் சி வைரஸ் 1989-ல் அடையாளங் காணப்பட்டது. 1991-ல் அதற்கு இன்டர்பெரான் ஊசி அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வாரம் மூன்று ஊசி, மாதக்கணக்கில். பின்பு ரிபாவிரின் மாத்திரை சேர்ந்தது. 2001 முதல் வாரம் ஒரு முறை போடும் ஊசி வந்தது. நம் பக்கத்தில் அதிகம் காணப்படுவது இந்த வைரஸின் மூன்றாம் வகை. அதற்கு வழக்கமாக 24 வாரம், முதலாம் வகைக்கு 48 வாரம். அத்தனையும் போட்டுக்கொண்டாலும், முதலாம் வகையில் ஏறக்குறைய பாதிப்பேர்தான் சுகமடைந்தார்கள்.

சரீரம் படும் பாடோ சொல்லி முடியாது. எச்சரிப்பு மணியை மாதக்கணக்கில் விடாமல் அடித்தால் எப்படியிருக்கும்? ஊசி போட்ட இரவில் குளிர்காய்ச்சல், உடல் வலி, பின்பு எடை குறைவு, முடி உதிர்தல், வெள்ளணுக் குறைவு. சிலருக்கு மனச்சோர்வு மிகக் கடுமையாக வந்தது. பீஸ் ரேட்டில் ஓவர்லாக் தைக்கிற ஒருவர் வாரத்தில் இரண்டு நாள் படுத்துவிட்டால் சனிக்கிழமைச் சம்பளத்தில் என்ன மிஞ்சும்? மருந்தின் விலையும், இழந்த கூலியும் சேர்ந்து குடும்பங்களை அழுத்தின. மருந்து உலகத்தில் இருக்கிறது, உங்கள் வீட்டுக்கு எட்டாது என்று சொல்லுவதுதான் அந்நாட்களில் மருத்துவ ஊழியத்தில் மிகக் கடினமான வேலை. ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் நிறுவனம் 2002-ல் உள்நாட்டிலேயே இன்டர்பெரான் செய்து விற்கத் தொடங்கியது பெரிய ஆறுதல். ஆனாலும் கூலிக்காரருக்கு அது எளிதாகிவிடவில்லை. அந்நாட்களில் நீங்கள் அனுப்பியது அந்த இடைவெளியில் போய் நின்றது.

2013-ல் சோபோஸ்புவிர் என்னும் மாத்திரை வந்தது. இது எச்சரிப்பு மணியை அடிப்பதில்லை. வைரஸ் தன்னைப் பிரதி எடுக்கும் மெஷினையே நிறுத்துகிறது. இதோடு இன்னொரு மாத்திரையும் சேர்த்து, பெரும்பாலோருக்கு 12 வாரம். நூற்றில் 95 பேருக்கு மேல் வைரஸ் முற்றிலும் நீங்குகிறது. 2015 முதல் இந்தியக் கம்பெனிகளே இதைச் செய்கின்றன. 2018 ஜூலை 28-ல் இந்திய அரசு தேசிய வைரஸ் ஹெப்படைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. அதன் மூலம் அரசாங்க சிகிச்சை மையங்களில் பி, சி இரண்டுக்கும் பரிசோதனையும் மருந்தும் இலவசம். ஹெப்படைட்டிஸ் பி-யை வேரோடு நீக்கும் மருந்து இல்லை. ஆனால் தினம் ஒரு மாத்திரை அதை அடக்கி வைக்கும். குறிப்பிட்ட சிலருக்கு இன்டர்பெரான் ஊசி இன்றும் பயன்படுகிறது. ஊசி மறைந்துவிடவில்லை, அதன் பாரம் பெரும்பாலோர் தோளிலிருந்து இறங்கிவிட்டது.

பணம் எதற்கு?

மருந்து இலவசம் என்றால் உங்கள் காணிக்கை எதற்கு? வியாதியஸ்தரைக் கண்டுபிடிப்பதற்கு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022-ல் நம் நாட்டில் ஏறக்குறைய 2 கோடியே 98 லட்சம் பேருக்கு ஹெப்படைட்டிஸ் பி-யும், 55 லட்சம் பேருக்கு சி-யும் இருந்தன. இவர்களில் பெரும்பாலோருக்குத் தங்களுக்கு இது இருப்பதே தெரியாது. மருந்து அலமாரியில் இருக்கிறது, மனிதர் லைன் வீட்டில் இருக்கிறார். இடையிலே ஒரு சொட்டு ரத்தப் பரிசோதனைதான் குறைவுபடுகிறது.

பரிசோதனையின் அருமையைத் தமிழ்நாட்டு மிஷன் ஆஸ்பத்திரிகள் அறியும். 1986-ல் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் சென்னையில் சேகரித்த ரத்த மாதிரிகளை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் வைரஸ் ஆய்வகத்துக்குக் கொண்டுபோய்ச் சோதித்தபோதுதான், எச்.ஐ.வி. இந்தியாவுக்குள் வந்துவிட்டது என்று நாடு அறிந்தது. ஆய்வகம் அங்கே ஆயத்தமாக இருந்தபடியால் எச்சரிப்பு காலத்தில் எழும்பியது.

ஆகையால் நாங்கள் உங்களிடம் கேட்பது இவை:

முதலாவது, ஞாயிற்றுக்கிழமைப் பரிசோதனை முகாம்களுக்கு உதவுங்கள். ஷிப்ட் நாளில் யாரும் வரமாட்டார்கள். தையல், அயர்னிங், சாயப்பட்டறை வேலைக்காக மதுரை, தேனி பக்கத்திலிருந்தும், ஒடிசா, பீகாரிலிருந்தும் வந்திருப்பவர்களுக்கு இங்கே குடும்ப மருத்துவர் என்று யாரும் இல்லை. அவர்கள் பாஷை தெரிந்தவர்கள் சபையில் இருந்தால் ஒரு ஞாயிறு எங்களோடு வாருங்கள்.

இரண்டாவது, வியாதி இருப்பதாகத் தெரிந்தவர்கள் சிகிச்சை மையத்துக்குப் போய்வரும் பஸ் செலவையும் அன்றைய கூலியையும் ஈடுகட்ட உதவுங்கள். சி வைரஸுக்கு எதிர்ப்புப் புரதம் இருப்பதால் மட்டுமே ஒருவருக்கு இப்போது வியாதி இருக்கிறதென்று சொல்லிவிட முடியாது. வைரஸின் ஆர்.என்.ஏ. இருக்கிறதா என்று இரண்டாவது பரிசோதனையும் செய்ய வேண்டும். அந்த இரண்டாவது பயணத்துக்கு வராமல் நின்றுவிடுகிறவர்கள் உண்டு.

மூன்றாவது, ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி. பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்குப் போட வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் இது இலவசம். வியாதியஸ்தரின் கணவன், மனைவி, கூடப் பிறந்தவர்களுக்குப் பெரியவர்களுக்கான தடுப்பூசி வாங்கத்தான் உதவி தேவைப்படுகிறது.

நான்காவது, கம்பெனி நடத்தும் சகோதரருக்கு ஒரு விண்ணப்பம். இது சேர்ந்து சாப்பிடுவதாலோ, ஒரே டேபிளில் பீஸ் மடிப்பதாலோ, டம்ளரில் தண்ணீர் குடிப்பதாலோ ஒட்டுகிற வியாதி அல்ல. ரத்தம், சுத்தமில்லாத ஊசி, ஒரே சவர பிளேடு, பாலுறவு, பிரசவம் இவற்றின் வழியாகவே பரவுகிறது. வேலை போய்விடும் என்ற பயம் இருந்தால் யாரும் கையை நீட்டமாட்டார்கள். பரிசோதனை முடிவை நாங்கள் வியாதியஸ்தரிடம் மட்டுமே சொல்லுவோம். நீங்களும் கேட்காதிருங்கள். வேலையிலிருந்து நிறுத்தாதிருங்கள்.

முன்பு நீங்கள் கொடுத்த பணம் ஒருவருக்கு ஒரு ஊசியாகப் போனது. இன்றைக்கு அதே பணம் பலருடைய வாசலில் போய்த் தட்டுகிற சத்தமாகிறது. காலத்தில் தட்டினால் 12 வாரத்தில் சுகம். தாமதித்தால் கல்லீரல் புற்றுநோய் வார்டு. இந்த இரண்டுக்கும் நடுவில் நீங்களும் நாங்களும் நிற்கிறோம்.

எங்கள் ஆய்வக ஊழியருக்காகவும், இன்னும் தங்கள் வியாதியை அறியாதிருக்கிறவர்களுக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள். உங்களில் ஒருவரும் இதுவரை இந்தப் பரிசோதனை செய்துகொள்ளாதிருந்தால், இந்த வாரத்திலேயே செய்துகொள்ளுங்கள். வெளியே மேஜை போட்டிருக்கிறோம், பெயர் கொடுத்துவிட்டுப் போகலாம்.